முத்துக்குக் கணக்கு இருந்தது, பறவைக்கு?

கயத்தாறு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு புளியமரம். 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது இந்த ஊரில்தான். கொஞ்சம் பிந்திய தலைமுறைக்குக் கயத்தாறு என்றால் காற்றாலை. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் அந்த வெள்ளை இறக்கைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டிருப்பார்கள்.

அதே ஜன்னலில் இன்னும் ஒன்று தெரியும், கவனித்தால். ஐப்பசி மழை பெய்து கரிசல் மண் இறுகியதும் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள். கிணற்றடியில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கும் சாம்பல் வாலாட்டி. வேலிக் கருவேல மரத்தின் உச்சிக் கிளையில் யாரோடும் சேராமல் உட்கார்ந்து 'கீச்'சென்று கத்தும் பழுப்புக் கீச்சான். முருங்கை மரத்துக்குக் கீழே சருகைப் புரட்டும் ஆறுமணிக்குருவி. காலை, மாலை ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் நம் ஆட்கள் வைத்த பெயர். ஒன்பது நிறம் கொண்ட பறவைக்கு நேரத்தை வைத்துப் பெயரிட்ட ஊர் நம்முடையது!

இவற்றில் கரிசல்காட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது சோளக்குருவி என்கிற சூறைக்குருவி. ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை. மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கில் கூட்டமாக இங்கே வரும். கம்பும் சோளமும் கதிர் பிடிக்கும் நேரத்தில் வந்துவிட்டால் விவசாயிக்குத் தூக்கம் போச்சு. பரண் கட்டி, கவணில் கல் வைத்து, தகரத்தைத் தட்டி விரட்டியது ஒரு காலம். ஆனால் அதே குருவிதான் வெட்டுக்கிளியையும் தின்கிறது. வரவா செலவா என்று சொல்ல முடியாத ஒரு பற்று.

இப்படி வரும் பறவைகள் எத்தனை? ஐம்பது வருஷத்துக்கு முன்பு எத்தனை வந்தன? இப்போது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பழைய கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போனால் கயத்தாற்றிலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் தூத்துக்குடிக் கடற்கரையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கணக்கு எழுதுவதில் அந்தக் கரை சாதாரணப்பட்டதல்ல.

அங்கே எண்ணப்பட்டது முத்துச்சிப்பி. கொற்கையில் முத்துக் குளித்ததைக் கிரேக்க வணிகர் கையேடான பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறினாலும் வருமானம் நிற்கவில்லை. கம்பெனி ஆட்சியிலும் அதன் பிறகும் கணக்கு இன்னும் கறாரானது. கடலுக்கடியில் சிப்பி படிந்திருக்கும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு, தொளாயிரம் பார் என்பதுபோல. அதிகாரிகள் படகில் போய் ஆள் இறக்கி, சிப்பி இருக்கிறதா, அதற்கு என்ன வயது என்று பார்த்து வருவார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்து, முத்தைப் பிரித்து மதிப்புப் போடுவார்கள். மதிப்புப் போடுகிற முறையைப் பாருங்கள்: பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 ஓட்டை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. முத்து எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அது அதன் தரம். பிறகு உருட்சி, நிறம், ஒளி. எடைக்குக் கழஞ்சும் மஞ்சாடியும். இவ்வளவும் பார்த்து, லாபம் வரும் என்று தெரிந்தால்தான் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிக்கப்படும்.

சிலாப நாட்களில் படகுகள் நள்ளிரவில் தரைக்காற்றில் கிளம்பி, பிற்பகலில் கடற்காற்றில் திரும்பும். கொண்டுவந்த சிப்பியைக் கரையில் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று முக்குளித்தவர்களுக்கு. உயிரைக் கொடுத்து மூழ்கியவனுக்கு மூன்றில் ஒன்று என்பதையும் சேர்த்தே இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். அரசுப் பங்கை எண்ணி, மாலையில் ஆயிரம் ஒன்றுக்கு இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். எல்லாம் பேரேட்டில் ஏறும். அதனால்தான் 1822இல் சிலாபம் நடந்தது, 1830இல் நடந்தது, பிறகு முப்பது வருஷம் பார்கள் வறண்டு கிடந்தன, 1860 முதல் 1862 வரை மறுபடி நடந்தது என்று இன்றைக்கும் நம்மால் சொல்ல முடிகிறது. 1889 சிலாபத்தைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் வந்து பார்த்து எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் பார்களைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தார். கடைசியாக 1955 முதல் 1961 வரை தொடர்ச்சியாக நடந்தது. அத்தோடு சரி. எப்போது இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்று வருஷம் வாரியாகத் தெரிகிறது.

சிலாபம் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் நடக்கும். அதே மாதங்களில் அதே கரையில், அந்தச் சிப்பிக் குவியலுக்குக் கூப்பிடு தூரத்தில், சைபீரியாவின் தூந்திரப் பகுதியிலிருந்து வந்த உள்ளான்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். இருபத்தைந்து கிராம்கூட இல்லாத கொசு உள்ளான், நீண்ட வளைந்த மூக்கோடு கோட்டான், தீவுகளில் ஆலாக் கூட்டம், ஆழமில்லாத நீரில் பூநாரை. இவற்றுக்குப் பேரேட்டில் பத்தி இல்லை. வருமானம் தராத பொருளுக்கு எந்தக் கணக்கன் பத்தி போடுவான்?

பறவைகளைத் தமிழர்கள் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. சத்திமுற்றப் புலவர் குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு நாரையிடம் மனைவிக்குத் தூது சொன்ன தனிப்பாடல் பள்ளிப் பாடத்தில் பலர் படித்ததுதான். அதில் கால் சிவப்பு, அலகு பிளந்த பனங்கிழங்கு மாதிரி, தெற்கே குமரியில் ஆடிவிட்டு வடக்கே திரும்பும் பறவை என்று மூன்று தகவல்கள் இருக்கின்றன. வலசை போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய பறவைக் கையேட்டில்கூட இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. ஆனால் எத்தனை நாரை என்பது புலவரின் வேலை இல்லை.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு பறவைகள் பெட்டிக்குள் போயின. மருத்துவரான ஜெர்டன் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். அதில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டு எழுதியிருக்கிறார். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக நமக்குத் தெரிந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1870-களில் பறவைகளுக்கென்றே தனிப் பத்திரிகை நடத்தினார். இவர்களின் உழைப்பு பெரிது. ஆனாலும் அந்தக் காலத்துப் பறவை ஆய்வு என்றால் சுடு, தோலை உரி, பஞ்சை அடை, சீட்டுக் கட்டு. எந்தப் பறவை எங்கே கிடைத்தது என்று தெரியும். எத்தனை இருந்தது என்று தெரியாது.

எண்ணாமலே காப்பாற்றிய ஊர்களும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் எழுத்துப்பூர்வமாகவே தங்கள் உரிமையை வாங்கினார்கள். கயத்தாற்றுத் தூக்குக்கு ஒரு வருஷம் முன்பு நடந்தது இது. ஏரியில் விழும் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் நாங்குநேரி அருகே கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மங்கோலியப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அந்தக் குளத்துக்கு வருகின்றன. அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல்தான். ஊர் அறிவித்தது எப்போது என்று யாரும் தேதி குறித்து வைக்கவில்லை.

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை உறுதியாகச் சொல்ல வழி கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். டென்மார்க்கின் வீபோர் நகரில் மோர்டென்சன் என்பவர் 1899இல் மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார். யாராவது எங்காவது பிடித்தால் கடிதம் போடுவார்கள் என்பது திட்டம். (கயத்தாற்றில் உள்ள காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்ததும் டென்மார்க் உதவியோடுதான். இந்த ஊருக்கும் அந்த நாட்டுக்கும் காற்றில் ஏதோ தொடர்பு இருக்கிறது போல!)

இந்தியாவில் பெரிய அளவில் வளையமிடுதல் தொடங்கியதற்குக் காரணம் பறவைப் பாசம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். காரணம் ஒரு காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகளும் மனிதர்களும் இறந்தார்கள். கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் என்று பெயரிட்டார்கள். ரஷ்யாவில் உள்ள ஒரு நோயோடு ஒத்துப்போனதால், வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலி தலைமையில் வலை விரித்தது. பறவைகள் மேல் இருந்த பழி நிரூபணம் ஆகவில்லை. ஆனால் வளையக் கணக்கு வளர்ந்தது. நம் மாநிலத்தில் அதற்குப் பெரிய களமாக அமைந்தது கோடிக்கரை. பம்பாயில் ஒரு வீட்டுப் புல்தரையில் வளையமிட்ட சாம்பல் வாலாட்டி அடுத்தடுத்த குளிர்காலங்களிலும் அதே புல்தரைக்கே வந்ததைச் சாலிம் அலி எழுதியிருக்கிறார். உலகத்தையே சுற்றினாலும் அதற்கு முகவரி அந்தத் தோட்டம்தான். உங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வருவதும் போன வருஷத்து ஆளாகவே இருக்கலாம்.

தூத்துக்குடிக் கடலுக்கு முறை வந்தது 1980-களில். கழகத்தைச் சேர்ந்த எஸ். பாலச்சந்திரன் 1985 முதல் மண்டபம் கடற்கரையிலும் அருகே உள்ள தீவுகளிலும் தங்கிக் கரைப்பறவைகளைப் பிடித்து, வளையமிட்டு, எண்ணினார். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. ஆக, சிப்பிக் கணக்கு நூற்றைம்பது வருஷம் ஓடி முடிந்து, கால் நூற்றாண்டு கழித்துத்தான் பறவைக் கணக்கின் முதல் பக்கம் எழுதப்பட்டது.

அதற்குள் சரக்கே குறைந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் தீவுகளுக்கு இருந்த அலைத் தடுப்பு போயிற்று. தூத்துக்குடிக் குழுவில் விலாங்குச்சல்லி, கீழக்கரைக் குழுவில் பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகளும் கடலுக்குள் போய்விட்டன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வான்தீவு 1980-களில் 16 ஹெக்டேர் அளவில் இருந்தது. 2010-களின் நடுவில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் மிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். விலாங்குச்சல்லி தண்ணீருக்கு மேல் இருந்தபோது அதில் எத்தனை ஆலா முட்டையிட்டது, எத்தனை உள்ளான் ஓய்வெடுத்தது? வணிகவியலில் முதல் வருஷம் சொல்லிக் கொடுப்பார்கள்: ஆரம்ப இருப்பு தெரியாமல் நஷ்டம் கணக்கிட முடியாது. தீவு போன நஷ்டத்தை ஹெக்டேரில் சொல்லலாம், பறவையில் சொல்ல முடியாது.

கரையில் இப்போது பறவைகளுக்குப் பெரிய ஆதரவு உப்பளம். தூத்துக்குடியிலிருந்து வேம்பார்ப் பக்கமும் ஆறுமுகநேரிப் பக்கமும் போகிற வழியெல்லாம் பாத்திகள். கடல்நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துவார்கள். அங்கே உப்புக் குறைவு, மீனும் புழுவும் உண்டு. பிறகு ஒவ்வொரு கட்டமாக வெயிலில் காயவிட்டு உப்பின் அடர்த்தியை ஏற்றுவார்கள். நடுக்கட்டங்களில் மீன் வாழாது, ஆனால் ஆர்ட்டீமியா என்கிற சின்ன உப்பிறால் கோடிக்கணக்கில் பெருகும். பூநாரை தலைகீழாக அலகைக் கவிழ்த்து வடிகட்டித் தின்பது இதைத்தான். கடைசிப் பாத்தியில் உப்பு படியும், அங்கே பறவைக்கு ஒன்றும் இல்லை. ஒரே அளத்தில் கொக்குக்கு ஒரு பகுதி, பூநாரைக்கு ஒரு பகுதி, மனிதனுக்கு ஒரு பகுதி.

காலமும் அப்படியே பங்கு போட்டிருக்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். உப்பு எடுக்க முடியாது. பறவைகள் இறங்கும் பருவம் அதுதான். பூநாரையைப் படம் எடுக்க ஆட்கள் கேமராவோடு வரும் அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்குக் கூலி கிடையாது. அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. படத்தின் பின்னணியில் ஆளில்லாமல் கிடக்கும் பாத்திக்கு இதுதான் விளக்கம்.

சரி, எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும். இந்த யோசனையின் தொடக்கம் அமெரிக்காவில். அங்கே கிறிஸ்துமஸ் அன்று இரண்டு அணியாகப் பிரிந்து யார் அதிகம் சுடுவது என்று போட்டி வைப்பார்கள். 1900இல் ஃபிராங்க் சாப்மேன் என்பவர், சுடாமல் எண்ணுவோமே என்றார். அந்த வருஷம் எண்ணியவர்கள் மொத்தம் 27 பேர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் ஜனவரி மாதப் பணியாக ஆரம்பித்தது. நம் வட்டாரத்தில் மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் பொங்கலை ஒட்டி நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் குழு குழுவாகப் பிரிந்து குளக்கரையில் நிற்பார்கள். சம்பளம் இல்லை. ஏலம் இல்லை. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

குளத்துக்கோ கடலுக்கோ போக முடியாதவர்களுக்கும் இடம் கிடைத்தது 2015இல். தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களைப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். வீட்டுத் தோட்டம், மொட்டைமாடி, பள்ளி மைதானம், எங்கே வேண்டுமானாலும் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ஈபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நிபந்தனை முக்கியம்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுத வேண்டும். காக்கையை விட்டுவிட்டுக் கீச்சானை மட்டும் எழுதினால் பட்டியல் முழுமை ஆகாது. காரணம் கணக்கியல்தான். முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அது அங்கே தென்படவில்லை என்று பொருள். அரைகுறைப் பட்டியலில் இல்லையென்றால் ஒன்றும் பொருள் இல்லை. இல்லாததையும் பதிவு செய்யத் தெரிந்த பேரேடு இது.

இப்படிச் சேர்ந்த பட்டியல்கள்தான் 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கு அடிப்படை. சுமார் 30,000 பேர் கொடுத்த மூன்று கோடிப் பதிவுகள், 942 இனங்கள். திறந்த புல்வெளிகளில் வாழ்பவையும், தொலைதூரத்திலிருந்து வரும் வலசைப் பறவைகளும் அதிகமாகக் குறைந்து வருவதாக அறிக்கை சொல்கிறது.

புல்வெளி என்றால் எங்கோ அல்ல. கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பயிர் வைக்காமல் கிடக்கும் புல் நிலம்தான். கஜகஸ்தான், ரஷ்யாவின் ஸ்டெப்பி வெளிகளிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் குளிர்காலத்தை இத்தகைய நிலங்களில் கழிக்கின்றன. பகலெல்லாம் தரைக்கு மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளியும் ஓணானும் பிடிக்கும். இரவில் மரத்தில் அடையாது. புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகப் படுக்கும். இந்தியாவின் பல இடங்களில் இப்படி அடையும் இடங்களில் எடுத்த எண்ணிக்கைகளை ஏட்ரீ ஆய்வாளர்கள் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். முப்பது வருஷத்தில் சரிவு என்பதே அதன் முடிவு. இங்கே ஆரம்ப இருப்பு இருந்தது, அதனால் சொல்ல முடிந்தது.

அந்த நிலத்துக்கும் கிராமக் கணக்கில் ஒரு பெயர் உண்டு: தீர்வை ஏற்படாத தரிசு. வரி வராத இடம் என்று அர்த்தம். காற்றாலைக்கோ சூரிய மின்பலகைக்கோ இடம் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது தரிசு என்ற அந்தச் சொல்தான். பூனைப்பருந்தை எண்ணுவதற்கு ஆட்கள் மாலை நாலரை மணிக்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்றாக வரும். சூரியன் இறங்கிய பிறகு பத்து நிமிடத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வந்து புல்லுக்குள் இறங்கும். மேற்குப் பக்கம் ஒருவர், கிழக்குப் பக்கம் ஒருவர் என்று பிரிந்து எண்ணி, இருமுறை எண்ணிவிட்டோமா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்து, டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.